முகூர்த்தம் தள்ளிப்போகாது

மயிலாப்பூர் லஸ் முனையில் இப்போது கண்ணை நம்பி நடக்க முடியாது. பழகிய கால்தான் வழி கண்டுபிடிக்கிறது. ஆளுயரத் தகரத் தடுப்புகள், அவற்றுக்கு மேலே எட்டிப் பார்க்கும் கிரேன், தடுப்புக்கும் கடைக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அளவு இடம். அந்த இடத்திலும் ஒரு பூக்காரம்மா கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தடுப்பின் கதவு ஒரு லாரிக்காகத் திறந்தபோது உள்ளே பார்த்தேன். ஹெல்மெட்டும் பச்சை மேலங்கியுமாக முப்பது நாற்பது பேர் வரிசையில் நிற்க, சூப்பர்வைசர் ஒருவர் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்ன வேலை, எங்கே ஆபத்து, யார் எந்தப் பக்கம் போகக் கூடாது என்று வேலை தொடங்கும் முன் தினமும் சொல்கிற கூட்டம் அது. ‘டூல்பாக்ஸ் டாக்’ என்பார்கள். முடிந்ததும் ஒவ்வொருவராக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு இளைஞன் சொன்னதைக் கேட்டானோ இல்லையோ, கையெழுத்தை மட்டும் அழகாகப் போட்டான்.

ஒரு வேலையைச் சொன்ன நாளில், சொன்ன காசில் முடிக்க உலகம் கண்டுபிடித்த முறைகளும் படிவங்களும் ஏராளம். அவை இந்த ஊரில் எங்கே உயிரோடு இருக்கின்றன, எங்கே ஃபைலில் தூங்குகின்றன என்று பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். அதற்கு லஸ்ஸை விடப் பொருத்தமான இடம் சென்னையில் இல்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல்; மத்திய அமைச்சரவையின் ஒப்புதலோ 2024 அக்டோபரில்தான் வந்தது. அதில் இரண்டு வழித்தடங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சந்திக்கும் திருமயிலை நிலையம் இங்கேதான் வருகிறது. சுமார் 35 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுகிறார்கள். மேலே பறக்கும் ரயில், பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய், சுற்றிலும் நூறு வருஷத்துக் கட்டடங்கள். இப்படிப்பட்ட இடத்தில் படிவம் இல்லாமல் ஒரு ஆணி அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது.

ஆனால் படிவம் இருப்பதாலேயே வேலை முடிந்துவிடுவதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளூபியர்க் என்ற பேராசிரியர் உலகெங்கும் 16,000-க்கு மேற்பட்ட திட்டங்களின் கணக்கைத் திரட்டிப் பார்த்தார். சொன்ன செலவிலும் சொன்ன காலத்திலும் முடிந்தவை நூற்றுக்கு 8.5. சொன்ன பலனையும் சேர்த்துக் கொடுத்தவை 0.5. இத்தனைக்கும் அந்தத் திட்டங்களில் எதிலும் அட்டவணைக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

சாட்சி வேண்டுமென்றால் அண்ணாந்து பார்த்தால் போதும். லஸ்ஸுக்கு மேலே போகும் பறக்கும் ரயில் திருமயிலைக்கு வந்தது 1997-ல். வேளச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது 2007-ல். அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008-ல் வேலை தொடங்கியது. நாலரைக் கிலோமீட்டருக்குத் தூண்கள் எழும்பி நின்றன. ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் நில வழக்கில் மாட்டிக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் மொத்தத்தையும் நிறுத்தி வைத்தது. 1957-ல் அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயனக் கம்பெனிக்காக மோர்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய ‘கிரிட்டிகல் பாத்’ முறை இதைத்தான் சொல்கிறது. நூறு வேலைகள் இருக்கலாம், ஆனால் எந்தச் சங்கிலி நீளமோ அதுதான் முடியும் நாளைத் தீர்மானிக்கும். மற்ற தொண்ணூறை எவ்வளவு வேகமாக முடித்தாலும் ஒரு நாள்கூட மிச்சமாகாது. ஆதம்பாக்கத்து அரைக் கிலோமீட்டர்தான் அந்தச் சங்கிலி. நாலரைக் கிலோமீட்டர் முடிந்தது, 90 சதவீதம் ஆயிற்று என்று ஒரு அறிக்கையில் எழுதினால் அது பொய்யில்லை. அதை நம்பி ரயில் ஏறப் போனவர்தான் ஏமாந்திருப்பார்.

ஆர்.கே. மடம் சாலையோடு நடந்து, குளத்தைச் சுற்றிக் கோயிலின் கிழக்குப் பக்கம் வந்தேன். தேர் கூண்டுக்குள் நிற்கிறது. பங்குனிப் பெருவிழா என்றால் மயிலாப்பூரில் யாரும் அட்டவணை கேட்பதில்லை. முதல் நாள் கொடியேற்றம், மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஐந்தாம் நாள் ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர், பத்தாம் நாள் திருக்கல்யாணம். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், வரிசை மாறாது. எட்டாம் நாள் பல்லக்குகள் மாட வீதிகளுக்கு வரும்போது லட்சக்கணக்கில் ஜனம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே யாரும் கையில் தாள் வைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்க முடியாது. ஸ்ரீபாதம் தாங்கிகளுக்கு எந்த முனையில் தோள் மாற்றுவது என்று தெரியும். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவருக்கு எந்தத் திருப்பத்தில் சக்கரத்துக்கு எந்தப் பக்கம் கட்டையைக் கொடுப்பது என்று தெரியும். சொல்லிக் கொடுத்தது அப்பா, அவருக்கு அவர் அப்பா.

இதை மட்டும் வைத்து, நம்மவர்களுக்குத் தாளே தேவையில்லை என்று பெருமை பேசிவிட்டுப் போகலாம். நான் அப்படிப் பேச மாட்டேன். 2022 ஏப்ரல் 27-ந் தேதி விடியற்காலை, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசிப் பதினோரு பேர் இறந்தார்கள். புதிதாகப் போட்டதில் சாலை உயர்ந்துவிட்டிருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. சாலை போட்டவரின் தாளில் அந்த வேலை குறையில்லாமல் முடிந்த வேலை. தேர் கட்டியவர்களின் கணக்கில் அது வருஷாவருஷம் போகும் தெரு. கம்பி மின்வாரியத்துடையது. மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த ஆள் இல்லை. அதற்குப் பிறகு தேரோட்டம் என்றால் அனுமதி, ஆய்வு, மின்சாரம் நிறுத்தம் என்று விதிகள் இறுகின. பரம்பரை அறிவுக்குத் தெரு உயர்ந்தது தெரியாது. அந்த வரியை யாராவது புதிதாகச் சேர்த்தாக வேண்டும்.

பட்டியலில் வரி சேர்ப்பதைப் பற்றி எனக்குச் சரியாகச் சொன்னவர், வடக்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் மாடியறை ஒன்றில் உட்கார்ந்திருக்கும் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். எழுபது வயதிருக்கும். மேஜை மேல் இரண்டு போன், ஒரு நீள நோட்டு.

“வாங்கோ சார், உட்காருங்கோ. காபி சொல்லட்டுமா?”

“இருக்கட்டும் மாமா. ஒரு கல்யாணத்தை எடுத்துண்டா எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்க?”

“முகூர்த்தத்துலேர்ந்து. பின்னாலேர்ந்து முன்னால வரணும். ஒம்பதுலேர்ந்து பத்தரை முகூர்த்தம்னா பதினொண்ணுக்கு முதல் பந்திக்கு இலை விழணும். அப்போ பத்தே முக்காலுக்கு சாதம் வடிஞ்சிருக்கணும். அதுக்கு முன்னால டிபன். டிபனுக்கு முன்னால காபி. காபிக்கு விடிகாலம் மூணு மணிக்கு டிகாக்ஷன் இறங்கணும். அப்போ பால்காரன் ரெண்டரைக்கு சத்திரத்து வாசல்ல நிக்கணும். வாட்ச்மேன் தூங்கிண்டிருந்தா?”

நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஒரு பக்கத்துக்கு ஐந்து கட்டம்: சாமான், அளவு, எங்கிருந்து, எப்போ, யார். அரிசிக்கு நேரே நூறு இலைக்கு இத்தனை கிலோ என்று ஒரு கணக்கு, உளுந்துக்கு ஒரு கணக்கு. இதெல்லாம் எந்த மெஸ்ஸிலும் கிடைக்கும். என் கண் நின்றது வேறு வரிகளில். ‘தீப்பெட்டி 2.’ ‘ராத்திரி 9: டேங்கில் தண்ணி எட்டிப் பார்.’ ‘கேஸ் ரூம் சாவி, மேனேஜர் ஆத்து போன்.’ ‘பிளாஸ்டிக் மக் 6.’ கடைசியில், மை காயாத மாதிரி புதிதாக ஒன்று: ‘லஸ் வழி வேண்டாம், டெம்போ திரும்பாது.’

“இந்தத் தண்ணி வரி எப்படி வந்தது?”

“ஒரு தரம் நாலு மணிக்குக் குழாயைத் திறந்தா காத்து வரது. இட்லிக்கு மாவு இருக்கு, கை அலம்ப ஜலம் இல்லே. அன்னிக்கு சாயங்காலம் ஆத்துக்கு வந்ததும் முதல் வேலையா இதை எழுதினேன்.”

ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு கதை வைத்திருக்கிறார். அடித்த வரிகளும் உண்டு. ‘விறகு’ என்பதன் மேல் ஒரு கோடு. மண்டபங்கள் கேஸுக்கு மாறியபோது போட்டது. நாற்பது வருஷ நோட்டில் நாற்பது வருஷக் குப்பை சேராமல் இருப்பதற்கு அந்தக் கோடுதான் காரணம். நம் அலுவலகப் படிவங்களில் புதுக் கட்டம் முளைக்கும். பழையதை அடிக்க ஒருவருக்கும் அதிகாரம் இருக்காது.

‘யார்’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு பெயர். ஏன் இரண்டு பேர் இல்லை என்று கேட்டேன்.

“ரெண்டு பேர் பேர் போட்டா ரெண்டு பேருமே வாங்கிண்டு வரமாட்டா.”

மேனேஜ்மென்ட் வகுப்பில் இதற்கு நான்கு நிறக் கட்டம் போட்டு ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார்கள். அவருடைய பையன் இதே நோட்டை கூகுள் ஷீட்டில் ஏற்றி எல்லாருடைய போனுக்கும் அனுப்பியிருக்கிறான். அவர் அதைக் குறை சொல்லவில்லை. “நன்னாத்தான் இருக்கு. மாத்தினா எல்லாருக்கும் உடனே தெரியறது. ஆனா நான் பேனாவால டிக் பண்ணாம மண்டபத்துப் படி ஏற மாட்டேன்.”

இந்தப் படிவம் வேலை செய்வதற்கு முதல் காரணம், அதன் கடைசி வரி யாராலும் நகர்த்த முடியாதது. மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், டெண்டர் தாமதமாகிவிட்டது, முகூர்த்தத்தை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க முடியுமா? இரண்டாவது, பட்டியலை எழுதியவர்தான் அன்று அடுப்படியில் நிற்கப்போகிறவர்.

இந்த இரண்டாவது விஷயத்துக்கு மருத்துவத்தில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளியின் பெயர், எந்தப் பக்கம் அறுப்பது, ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா, பஞ்சு எண்ணிக்கை சரியா என்று அடிப்படையான கேள்விகள். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் பரிசோதித்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது, சிக்கல்கள் 11-லிருந்து 7-க்கு. உலகமே அசந்தது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் தன் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இதைக் கொண்டுவந்தது. 101 மருத்துவமனைகளின் கணக்கை 2014-ல் பார்த்தபோது, சொல்லும்படியாக எந்த மாற்றமும் இல்லை. பட்டியலைப் பூர்த்தி செய்தோம் என்று மட்டும் ஏறக்குறைய எல்லாரும் எழுதியிருந்தார்கள். வித்தியாசத்துக்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். எட்டு மருத்துவமனைகளில் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு, கற்றுக்கொண்டு செய்தார்கள். மற்றவர்களுக்கு அது மேலிருந்து வந்த இன்னொரு தாள் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. லஸ்ஸில் அழகாகக் கையெழுத்துப் போட்ட இளைஞன் அப்போது நினைவுக்கு வந்தான்.

அரசுத் திட்டங்களையும் பார்ப்போம் என்று மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி ஆகாய நடைபாதை வழியாகத் தி.நகருக்குள் போனேன். 570 மீட்டர், 28 கோடிக்கு மேல் செலவு, 2023 மே மாதம் திறந்தார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் காற்றாடப் போகலாம். கீழே தலைகளாகத் தெரிகிறது. ஆனாலும் பாதிப்பேர் கீழேதான் போகிறார்கள், ஏனென்றால் கடை கீழே இருக்கிறது. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தது. அகலமான நடைபாதை, உட்கார பெஞ்சு, மரத்தடி. சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். எனக்குப் பிடித்த திட்டம் அது. திறப்பு விழாவோடு திட்டம் முடிந்தது என்று எழுதிக் கையெழுத்திடும் தாள் எல்லா டெம்ப்ளேட்டிலும் உண்டு. ஐந்தாம் வருஷம் தளக்கல்லை யார் பார்த்துக்கொள்வார் என்பதற்கு ஒரு கட்டம் கிடைப்பது அரிது.

தி.நகரில் வேறொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 2021 நவம்பர் மழையில் இந்தத் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. மாம்பலம் கால்வாயில் நடந்துகொண்டிருந்த வேலையின் இடிபாடுகள் தண்ணீரின் வழியை அடைத்தன என்ற புகார் பெரிதாக எழுந்தது. அரசு, ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும் என்று வானிலைத் துறையின் கணக்கு வருஷாவருஷம் சொல்கிறது. சென்னையில் தெருவைத் தோண்டுகிற எவருக்கும் இதுவும் ஒரு முகூர்த்தம்தான். சமையல் மாமாவிடம் கொடுத்தால் அக்டோபரிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்து, மார்ச்சுக்கு மேல் புதுப் பள்ளம் தோண்டாதே என்று சொல்லியிருப்பார்.

தேதியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்த பொறியாளரும் நம் பக்கத்தில் உண்டு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. ரயில்வே ஆறு மாதக் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புதுத் தூலம் செய்து வரவழைத்திருந்தால் அந்தச் சங்கிலிதான் நீளம். மீனவர்களின் உதவியோடு கடலடியில் கிடந்தவற்றையே கண்டுபிடித்துத் தூக்கி மாட்டினார். நீளமான சங்கிலியை அறுத்துவிட்டு வேறு வழி போட்டதுதான் அந்த 46 நாளின் சூட்சுமம். பின்னாளில் டெல்லி மெட்ரோவில் அவர் வேலையிடங்களில் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று காட்டும் பின்னோக்கி ஓடும் கடிகாரங்களை மாட்டிவைத்தார்.

அடையாறு காந்தி நகரில் ஒரு காபிக் கடையில் என் அண்ணன் மகன் காத்திருந்தான். மென்பொருள் கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். பி.எம்.பி. சான்றிதழ் வைத்திருக்கிறான், எப்போது பார்த்தாலும் களைத்திருப்பான். கடைக்கு எட்டும் தூரத்தில்தான் அடையாறு ஆறு. ‘காவிரி’, ‘அடையாறு’ என்று பெயரிட்ட இரண்டு இயந்திரங்கள் கிரீன்வேஸ் சாலையிலிருந்து அந்த ஆற்றுக்கு அடியில் குடைந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தன. மேலே யாருக்கும் அது தெரியவில்லை. தெரியாமல் இருந்ததுதான் வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளம்.

லேப்டாப்பைத் திறந்தான். “இதைப் பாருங்க சித்தப்பா. ரிஸ்க் ரிஜிஸ்டர். ஹெட் ஆபீஸ் டெம்ப்ளேட்.”

எது தவறலாம், அதற்கு யார் பொறுப்பு என்ற பட்டியல். நாற்பதுக்கு மேல் வரிசைகள். முக்கால்வாசிக்கு நேரே ‘மீடியம்’. பொறுப்பாளர் கட்டத்தில் ‘டீம்’.

“டீம்னா யாரு?”

சிரித்தான். “யாருமில்லை. போன புராஜெக்ட்ல இருந்து காப்பி பண்ணது. அதுக்கு முன்னால சிங்கப்பூர் டீம் பண்ணது. இதுல பூகம்பம்கூட இருக்கு, பாருங்க.”

“உன் வேலை எதுல மாட்டியிருக்கு?”

“கிளையன்ட் சைடுல ஒருத்தர் டேட்டா தரணும். மூணு வாரமா தரலை.”

“அது இதுல எத்தனாவது வரி?”

கொஞ்ச நேரம் மேலும் கீழும் உருட்டினான். இல்லை. அறிக்கையில் திட்டம் பச்சையாகவே இருந்தது. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்பதால் இந்த மாதிரி அறிக்கைக்கு அவர்கள் ஆபீசில் ‘வாட்டர்மெலன்’ என்று பெயர். தர்பூசணியை வெட்டும் நாள் வரை யாரும் கேட்பதில்லை. சிவப்பு என்று போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். தினமும் காலை ஒரு மீட்டிங் கூடும், இன்னொரு படிவம் வரும் என்றான். உண்மையைச் சொன்னவனுக்கு அதுதான் தண்டனை என்றால் பச்சையைத்தான் எவனும் பூசுவான். இதில் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மயிலாப்பூர் நோட்டைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் டேங்க் வரியைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தவன், இரண்டு பெயர் போடாத கதைக்குச் சிரிக்கவில்லை. காபியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு புதுத் தாளைத் திறந்தான். அவனுடைய கடைசி மூன்று திட்டங்களில் நிஜமாகவே கழுத்தைப் பிடித்தவை என்னென்ன என்று யோசித்து யோசித்துத் தட்டினான். டேட்டா வராதது, டெஸ்ட் சர்வர் பாஸ்வேர்டு ஒரே ஆளிடம் இருந்து அவர் லீவில் போனது, பொங்கல் வாரத்தில் டெமோ வைத்தது, கிளையன்ட் பக்கம் ஆள் மாறியது. ஆறு வரிகளில் நின்றது. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெயர் போட்டான். டெமோ தேதியை மேலே எழுதி, அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தான். டேட்டா வருவதற்கான கடைசி நாள் போன செவ்வாய்க்கிழமையே போய்விட்டிருந்தது.

“அப்போ டெமோ நடக்காது,” என்றான், தனக்குத்தானே. அந்த இடத்திலேயே கிளையன்ட்டுக்கு ஒரு மெயில் அடித்தான்.

பழைய நாற்பது வரியை அழிக்கப் போகிறானா என்று கேட்டேன். முடியாதாம். காலாண்டுக்கு ஒருமுறை ஆடிட் வரும். அந்த டெம்ப்ளேட் அப்படியே இருந்தாக வேண்டும், கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும், பூகம்பம் உட்பட. ஆக ஆடிட்டுக்கு ஒரு தாள், வேலைக்கு ஒரு தாள். பாரிமுனை மொத்த வியாபாரிகள் இரண்டு கணக்கு வைத்திருந்ததற்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கும். இரண்டையும் வாராவாரம் யார் அப்டேட் செய்வது என்று கேட்டதற்கு, டீம்ல யாராவது பார்த்துக்குவாங்க சித்தப்பா, என்று சொல்லிவிட்டு பில் கேட்கக் கை தூக்கினான்.